உளவியல் முதலுதவி வழிகாட்டி: துயருறுவோரின் அருகிலிருக்கப் பழக்கும் கையேடு

துயருறும் ஒருவரின் அருகில் அமரும்போது, அவருடைய வேதனையை உடனே போக்கிவிட வேண்டும் என்ற தவிப்பே நமக்குள் முதலில் எழுகிறது. அந்தத் தவிப்பை அடக்கிக்கொண்டு, அவருக்கு உண்மையில் வேண்டியதைச் செய்யப் பழக்குவதே, உலக சுகாதார நிறுவனமும் வார் டிராமா ஃபவுண்டேஷன், வேர்ல்ட் விஷன் ஆகிய தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ‘உளவியல் முதலுதவி: களப்பணியாளர்களுக்கான வழிகாட்டி’யின் பெரிய பலம் என்று கருதுகிறேன். உளவியல் முதலுதவி என்பது, நெருக்கடியில் துயருறும் ஒருவருக்கு உடனடியாகத் தரும் மனிதநேயமான ஆதரவு. மனநலத் துறையைச் சாராதவர்களும் பின்பற்றும்படி எழுதப்பட்ட இந்தக் கையேட்டை உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து கட்டணமின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம்.

பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்னும் மூன்று செயல்களின் மீது நூல் அமைந்துள்ளது. சூழல் பாதுகாப்பானதா, உடனடி உதவி யாருக்குத் தேவை என்று பார்ப்பதும், உறவினர், தங்குமிடம், மருத்துவம் முதலியவற்றோடு ஒருவரை இணைப்பதும் சுருக்கமாகவும் தெளிவாகவும் விளக்கப்பட்டுள்ளன. ஆனால் திரும்பத் திரும்பப் படிக்கத் தக்கது கேட்டலைப் பற்றிய பகுதிதான். நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது. அவர் மௌனமாக இருக்க விரும்பினால் அதற்கும் இடம் தர வேண்டும். இப்படியெல்லாம் வருந்தக் கூடாது என்றோ, உயிர் பிழைத்ததே அதிர்ஷ்டம் என்றோ சொல்லக் கூடாது. பிறர் பட்ட துன்பத்தையோ நம்முடைய தொல்லைகளையோ நடுவில் கொண்டுவரக் கூடாது. நிறைவேற்ற முடியாத வாக்குறுதியைத் தரவே கூடாது. ஆறுதல் என்று நம்பி நாம் வழக்கமாகச் சொல்லும் பலவும் இங்கே விலக்கப்பட்டிருப்பதைக் காணும்போது மனம் சற்றுக் கலங்கத்தான் செய்கிறது. அந்தச் சொற்கள் துயருறுபவரின் வேதனையைவிட அவற்றைச் சொல்பவரின் சங்கடத்தையே அதிகம் தணிக்கின்றன.

பதற்றத்தில் தன்னிலை இழந்தவரைப் பாதங்களைத் தரையில் ஊன்றவும், விரல்களால் மடியைத் தட்டவும், மூச்சைக் கவனிக்கவும் செய்யும் எளிய வழிகளும் உள்ளன. உளவியல் முதலுதவி என்பது நிகழ்ந்ததை அலசச் செய்யும் விசாரணையன்று என்பதையும், சிகிச்சைக்கு அது மாற்றாகாது என்பதையும் நூல் நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. தம்மையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளக் கூடியவர்களுக்கும், தம்மையும் தம் குழந்தைகளையும் பராமரிக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் மேலான உதவி உடனே தேவை என்ற எச்சரிக்கையை யாரும் தாண்டிப் போய்விடக் கூடாது.

எனக்குள்ள குறை ஒன்றுதான். இயற்கைப் பேரிடர், வன்முறையால் இடம்பெயர்தல், விபத்து ஆகியவையே பயிற்சிக்கான சூழல்களாகத் தரப்பட்டுள்ளன. உதவியை எப்படி முடித்துக்கொண்டு விடைபெறுவது என்பதையும் நூல் கற்றுத்தருகிறது. ஆனால் மாதக்கணக்கில் மனச்சோர்வில் வாடும் துணைவரோடு ஒரே வீட்டில் வாழ்பவருக்கு விடைபெறும் வேளை என்று ஒன்று இல்லை. அவருக்குக் கேட்டல் பகுதி பேருதவியாக இருந்தாலும், மற்றவற்றை ஒரு மனநல ஆலோசகரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது. உதவுபவர் தம்மைப் பார்த்துக்கொள்வதற்கான அத்தியாயத்தை இத்தகையவர்கள் முதலில் படிக்கலாம். முழு நூலையும் படிக்க நேரமில்லாதவர்களுக்கு அதிலுள்ள சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத் தக்க சுருக்கமே தொடங்கப் போதுமானது.