பெல் கிராங்கும் ஒரு ரப்பர் உறையும்: ஸ்டீரிங் மாற்றி 14 மாதம் ஓட்டிய அனுபவம்

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, பண்ணைக்காட்டில ஒரு சிஜே3பி ஜீப் விலைக்கு வருது. ஸ்டீரிங் மட்டும் ஆடுதாம். நீங்க எல்லாம் மாத்தினீங்களே, இப்ப எப்படி இருக்கு? வாங்கலாமா?" போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடுகிறேன்.

என் வண்டியும் அதே ஜீப்தான். தாண்டிக்குடியிலிருந்து காப்பி, மிளகு மூட்டையை ஏற்றிக்கொண்டு பெரும்பாறை, சித்தரேவு வழியாக வத்தலக்குண்டு இறங்கும், திரும்ப ஏறும். மாற்றுவதற்கு முன்னால் ஸ்டீரிங்கை நாலு விரற்கடை திருப்பினாலும் சக்கரம் அசையாது. குழியில் இறங்கி ஏறினால் முன்சக்கரம் இரண்டும் உதறும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

பார்த்தவர்கள் எல்லோரும் ஸ்டீரிங் பாக்ஸ், அதாவது ஸ்டீரிங் தண்டின் அடியில் இருக்கும் கியர் பெட்டி, போய்விட்டது என்றார்கள். நம்பி மாற்றினேன். ஆட்டம் கால்வாசிகூடக் குறையவில்லை. அப்புறம்தான் ஒரு பழைய மெக்கானிக் அண்ணன் வழி காட்டினார். ஜாக்கி போடாமல், சக்கரம் தரையில் நிற்கும்போதே ஒருவர் ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். எது தேய்ந்திருக்கிறதோ அது விரலுக்குத் தெரிந்துவிடும்.

இந்த ஜீப்பில் பாக்ஸ் நேரடியாகச் சக்கரத்தைத் திருப்புவதில்லை. பாக்ஸிலிருந்து டிராக் லிங்க் என்ற கம்பி போய், முன் குறுக்குச் சட்டத்தில் ஒரு பின்னில் சுழலும் பெல் கிராங்க் என்ற கையைத் திருப்பும். அதிலிருந்து டை ராடு என்ற கம்பிகள் இரண்டு பிரிந்து ஆளுக்கொரு சக்கரத்துக்குப் போகும். டை ராடு எண்ட் (ராடின் முனை மூட்டு) நான்கு, டிராக் லிங்கின் இரு முனை, பெல் கிராங்க் பின் என்று ஏழு இடம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்தாலும் கைக்கு வரும்போது எல்லாம் கூடித்தான் வரும். என் வண்டியில் பெரிய திருடன் பெல் கிராங்க் பின். விரல் வைக்கவே தேவைப்படவில்லை, கண்ணுக்கே தெரிந்தது.

சரி, ஏழையும் மாற்றினோம். டை ராடு எண்டைக் கழற்ற மரை மேல் அடிக்கக் கூடாது. எண்ட் உட்கார்ந்திருக்கும் கண்ணின் இரு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் தட்டினால் டேப்பர் (கூம்பு வடிவில் இறுகியிருக்கும் தண்டு) விட்டுவிடும். எத்தனை சுற்றில் பழையது கழன்றதோ அத்தனை சுற்று புதியதை ஏற்ற வேண்டும். நட்டை இறுக்கிய பிறகு, அது கழலாமல் செருகும் ஸ்பிளிட் பின்னின் துளை நேருக்கு வரவில்லையென்றால் இன்னும் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. அலைன்மெண்டில் ஒரு தவறு நடந்தது. ஒரு பட்டறையில் ஒரு பக்க டை ராடை மட்டும் திருகி டோ இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி நிற்கும் அளவு) சரி செய்து அனுப்பிவிட்டார்கள். அளவு சரி, ஆனால் பெல் கிராங்க் நடுவில் நிற்கவில்லை. இடப்பக்கக் கொண்டை ஊசியில் ஒடிப்பு போதாமல் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பினேன். இரண்டு ராடையும் சேர்த்துச் சரி செய்த பிறகுதான் அது தீர்ந்தது.

அதன் பிறகு கிடைத்த சுகத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மூட்டையோடு இறங்கும்போது ஒரு கையால் நேராகப் பிடிக்க முடிந்தது. வளைவில் பஸ் வந்தால் வேண்டிய அளவு மட்டும் ஒதுங்கி நிற்க முடிந்தது. அந்த வண்டிக்குள் இப்படி ஒரு வண்டி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். புது எண்டுகளின் ரப்பர் உறை. 14 மாதத்தில் மூன்று முறை கிழிந்துவிட்டது. முதல் முறை எங்கள் தவறுதான், கிரீஸ் கன்னை அளவு தெரியாமல் அடித்ததில் உறை பிதுங்கி வெடித்தது. மற்ற இரண்டு முறையும் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. ரப்பர் காய்ந்து விளிம்பில் வெடித்திருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே பாதையெல்லாம் சேறு. கிழிந்த உறைக்குள் சேற்றுத் தண்ணீர் போனால் கிரீஸ் கழுவிப்போய், மண் உள்ளே அரைக்க ஆரம்பிக்கும். உறையின் விலை ஒன்றுமே இல்லை. அதை மாற்ற எண்டையே கழற்ற வேண்டியிருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். கழற்றிப்போட்ட பழைய எண்டுகளில் இரண்டின் உறை இன்றும் கிழியாமல் இருக்கிறது. அந்த மாதிரி ரப்பரை இப்போது ஏன் போட மாட்டேன் என்கிறார்கள்?

நேற்றும் தூறலில் சாக்கை விரித்து அடியில் படுத்திருந்தேன். அந்தக் கை கழுவின கையோடு எழுதுகிறேன்: வாங்காதே மாப்பிள்ளை. உனக்குத் திண்டுக்கல்லில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் லீவு. அது முழுக்க இதற்கே போய்விடும். என் வண்டியை நான் விற்க மாட்டேன், அது வேறு.

அப்படியும் மனசு கேட்கவில்லை, பார்த்தே தீருவேன் என்றால் என்னையும் கூட்டிப் போ. நான் அடியில் படுத்துக்கொள்கிறேன், நீ ஸ்டீரிங்கை ஆட்டு.