ஜிம்னியில் 235 டயர்: ரெண்டு இஞ்ச் தூக்கியும் ஏன் உரசுது?

"வண்டிய ரெண்டு இஞ்ச் தூக்கியாச்சுங்க, இனி 235 போட்டா உரசாதுல்ல?" பொள்ளாச்சி நண்பர் ஒருத்தர் தன் மாருதி ஜிம்னி ஜீப்பைப் பத்திக் கேட்டிருக்கார். 235-ங்கிறது டயரோட அகலம், மில்லியில். உரசும்ங்க. வண்டியைத் தூக்கற லிஃப்ட் கிட் விக்கிறவங்க சொல்ற அளவுக்கு லிஃப்டுக்கும் உரசலுக்கும் சம்பந்தம் இல்லை.

முதல்ல அளவு. கம்பெனி டயர் 195/80 R15, மொத்த உயரம் 693 மில்லி. பொலிரோவுக்கு வர்ற 215/75 R15 போட்டா 703. நண்பர் கேட்கிற 235/75 R15 போட்டா 733. அதாவது அச்சு 20 மில்லி மேல போகும். இந்த 20 மில்லிக்காகத்தான் இத்தனை அக்கப்போரும். ஜிம்னிக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே துண்டு அச்சு. லிஃப்ட் கிட் பாடியையும் சேசிஸையும் தூக்குமே தவிர, அச்சுல உருண்டையா இருக்கிற டிஃபரன்ஷியல் (கியர் கூடு) தரையிலிருந்து இருந்த உயரத்துலயேதான் இருக்கும். அதைத் தூக்க டயர் ஒண்ணுதான் வழி. தோட்டத்துக்குப் போற இட்டேரியில், டிராக்டர் ஓடி ரெண்டு பக்கமும் குழிஞ்சு நடுவுல கல்லும் புல்லுமா மேடு நிக்கும் பாருங்க, அங்கே அடியில் கேட்கிற அந்த 'டர்ர்' 235-க்கு அப்புறம் பெரும்பாலும் கேட்கறதில்லை. கரட்டில் ஏறும்போதும் அதே சுகம். இதுல குறையே சொல்ல முடியாது.

இனி குறை. உரசற இடம் மூணு, மூணுக்கும் காரணம் வேற வேற.

ஒண்ணு, அச்சைப் பிடிச்சிருக்கிற ஆர்ம். ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுசா ஒடிச்சா, வலது சக்கரத்தோட பின் விளிம்பு உள்ளே வந்து ஆர்ம்ல படும். ஆர்ம் அச்சோடவே இருக்கிறதால நாலு இஞ்ச் தூக்கினாலும் இந்த உரசல் போகாது. இங்க பேச வேண்டியது ரிம் ஆஃப்செட்டைத்தான், அதாவது ரிம்மோட நடுக்கோட்டிலிருந்து போல்ட் ஆகிற முகம் எவ்வளவு தள்ளியிருக்குங்கிற அளவு. பிளஸ்னா சக்கரம் உள்ளே, மைனஸ்னா வெளியே. டயர் அகலத்தில் பாதியோட ஆஃப்செட்டைக் கூட்டினா டயர் எவ்வளவு உள்ளே நிக்குதுன்னு தெரியும். கம்பெனி ரிம் 5.5 இஞ்ச் அகலம், ஆஃப்செட் பிளஸ் 5. அதுல 195 டயர் 102.5 மில்லி உள்ளே நிக்கும். அதே ரிம்ல 235 மாட்டினா 122.5. இருபது மில்லி உள்ளே வந்தா படாம என்ன செய்யும்? போதாததுக்கு 235-க்குக் குறைஞ்சது 6 இஞ்ச் ரிம் வேணும், 5.5-ல மாட்டறதே தப்பு. 6 இஞ்ச் ரிம், மைனஸ் 5 ஆஃப்செட்னா 112.5 வரும், அது கம்பெனி ரிம்ல 215 போட்ட கணக்கு. மட் டயர்னா பக்கவாட்டுப் பல் துருத்தும், அதுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விடணும். ரிம் மாத்தாம பழைய ஸ்டட்லயே ஸ்பேசர் தகடு சொருகலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க, நட்டுக்குப் பிடிக்க மரை மிஞ்சாது. மிச்சம் இருக்கிற உரசலுக்கு, சக்கரத்தோட சேர்ந்து திரும்பற நக்கிள்ல, ஒடிப்பை நிறுத்தறதுக்கு இருக்கிற ஸ்டாப்பர் போல்ட்டை ரெண்டு பக்கமும் ஒரே அளவா 2 மில்லி வெளியே எடுக்கலாம். ஆனா அந்த அளவுக்கு வண்டி திரும்பற வட்டம் பெருசாகும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி. எதிரே பஸ் இறங்கும்போது அந்த 2 மில்லியோட அருமை தெரியும்.

ரெண்டாவது, பம்பர் மூலை. ரிம்மை வெளியே தள்ளினதுக்கு இது தண்டம். சக்கரம் இப்ப நின்ன இடத்துல திரும்பாது, வட்டம் அடிச்சுத் திரும்பும். வலது பக்கம் ஒடிச்சா இடது சக்கரம் முன்னாடி நகர்ந்து பம்பரோட உள்பக்கம் போகும், வலது சக்கரம் பின்னாடி நகர்ந்து, சக்கரக் குழிக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் லைனருக்குப் போகும். எங்கே படுதுன்னு கண்ணால் பார்த்து வெட்டக் கூடாது. லைனர்லயும் பம்பர் உள்விளிம்பிலயும் சுண்ணாம்பைக் குழைச்சுப் பூசுங்க. காய்ஞ்சதும் ஒரு முன் சக்கரத்தை வரப்பில் ஏத்தி, ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு மெதுவா நகர்த்துங்க. டயர் துடைச்சுட்டுப் போன இடம் கறுப்பா தெரியும். அங்கே மட்டும், கூட ஒரு விரல் அகலம் சேர்த்து வெட்டினா போதும். லைனரை ஹீட் கன்ல இளக்கி உள்ளே தள்ளினாலே பாதி வேலை முடியும். உள்ளே தகடு மடிப்பு இடைஞ்சலா இருந்தா தட்டிப் படுக்க வைக்கலாம். தட்டின கையோட பிரைமர் அடிக்கணும், இல்லேன்னா ஒரே மழைக்காலத்துல துரு.

மூணாவது, முழு அமுக்கம். நின்னுட்டிருக்கிறப்ப, சக்கரத்துக்கு மேல வளைஞ்சிருக்கிற ஆர்ச்சுக்கும் டயருக்கும் நடுவுல கை போற அளவு இடம் இருக்கும். அந்த இடைவெளியை நம்பக் கூடாது. பள்ளத்துல இறங்கி ஒரு சக்கரம் மேல அமுங்கும்போது, லிஃப்ட் இருந்தாலும் இல்லைன்னாலும் அச்சு மேல வர்றதைத் தடுத்து நிறுத்தற பம்ப் ஸ்டாப்பர் வரைக்கும் போகும். ஸ்டாப்பர் பழைய இடத்துலயே இருந்தா டயரும் பழைய உயரத்தைவிட 20 மில்லி மேல போய் இடிக்கும். அதனால ஸ்டாப்பரைக் குறைஞ்சது 20 மில்லி இறக்கணும், 25 இருந்தா நிம்மதி. கோயமுத்தூர்ல எந்த லேத்துலயும் கட்டை கடைஞ்சு தருவாங்க. தூக்கின 50 மில்லியும் இறக்கிட்டா சஸ்பென்ஷன் போற தூரம் போச்சு, வண்டி கட்டை வண்டியாயிடும். கிட்டோட ஸ்டாப்பர் கட்டை தராம, "பிளக் அண்ட் பிளே"ன்னு அட்டைப்பெட்டியில அச்சடிக்கிற துணிச்சலை என்னன்னு சொல்ல!

இவ்வளவு செஞ்ச பிறகும் ஒரு பக்கம் மட்டும் 'சர்ரக்'னு ஒரு சத்தம் மிஞ்சும். எரிச்சல்னா இதுதான். காரணம் பான்ஹார்ட் ராடு, அச்சு பக்கவாட்டில் நகராம சேசிஸோட பிடிச்சிருக்கிற குறுக்கு ராடு. வண்டி உயரும்போது ராடு சாய்ஞ்சு நிக்கும், குறுக்கு நீளம் குறையும், சேசிஸ்ல எந்தப் பக்கம் போல்ட் ஆகியிருக்கோ அந்தப் பக்கம் அச்சு இழுபடும். கொத்தனார் தூக்குக் குண்டை ஆர்ச்லருந்து தொங்க விட்டு ரெண்டு பக்கமும் ரிம் வரைக்கும் அளந்து பாருங்க. வித்தியாசத்துல பாதிதான் அச்சு நகர்ந்த தூரம். அட்ஜஸ்டபிள் ராடு போட்டு நீட்டினா நடுவுக்கு வரும். போல்ட்டைக் கடைசியா முடுக்கும்போது வண்டி தரையில், தன் எடையில் நிக்கணும். ஜாக்கியில் தொங்கவிட்டு முடுக்கினா புஷ் கிழியும். இதைச் சரி பண்ணியும், ஆளும் சாமானும் நிறைஞ்சு ஒரு சில கொண்டை ஊசியில் லைனரைத் தொட்டுட்டுத்தான் போகுது. போகட்டும்னு விடவும் முடியலை.

மத்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். லிஃப்ட்னால காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பற அச்சாணி பின்னாடி சாய்ஞ்சிருக்கிற அளவு) குறையும், ஸ்டியரிங் தானா நேர்க்கோட்டுக்கு வராது, அவினாசி ரோட்டுல வண்டி அலையும். அந்தக் கோணத்தைச் சரி பண்ற கரெக்ஷன் புஷ் கட்டாயம். சக்கரத்தை முழுசா தொங்க விட்டு பிரேக் ஹோஸ் இழுபடுதான்னு பார்க்கணும். கம்பெனி டயர்ல மீட்டர் சரியா காட்டியிருந்தா, இப்ப 80 காட்டும்போது நிஜ வேகம் 85 கிட்ட. மீட்டர்ல கிலோமீட்டரும் குறைவாத்தான் ஏறும், மைலேஜ் கணக்கை 1.058-ஆல் பெருக்கிக்கணும். 134 நியூட்டன் மீட்டர் இன்ஜினுக்கு இந்தச் சுமை தெரியத்தான் செய்யும், திம்பம் ஏத்தத்துல ஒரு கியர் குறைச்சே போகணும். வண்டியை மாத்தி அமைக்கறதைப் பத்தின மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவையும், இன்ஷூரன்ஸையும் மனசுல வச்சுக்கங்க.

அதனால நண்பருக்குச் சொல்றது: 215 போடுங்க. கம்பெனி ரிம்லயே உட்காரும், வெட்டு குத்து இல்லை, ராத்திரி தூக்கம் வரும். "அப்ப உங்க 235 செட்டைக் குடுத்துடறீங்களா"ன்னு மட்டும் கேட்காதீங்க.