வெட்டுப்படாத பிரதி: வட்டா, ஓடிடியா, காப்பகத் திரையிடலா?

தணிக்கைக்கு உள்ளான கலைப்படத்தின் முழு வடிவத்தைத் தேடுகிறவர்கள் முதலில் ஏமாறுவது நிமிடக் கணக்கில்தான். கென் ரஸ்ஸலின் ‘தி டெவில்ஸ்’ (1971) படத்தை பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2012இல் டிவிடியாக வெளியிட்டது. அதன் நீளம் 107 நிமிடம். திரையரங்கில் ஓடியது 111. காணாமல்போன அந்த நான்கு நிமிடத்தை எந்தத் தணிக்கை அதிகாரியும் வெட்டவில்லை. விநாடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்தை ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையான பால் (PAL) 25 பிரேமில் ஓட்டுகிறது, அவ்வளவுதான். இந்தக் கணக்கில் 120 நிமிடப் படம் 115 நிமிடம் 12 விநாடியில் முடிந்துவிடும். உண்மையில் வெட்டுப்பட்ட காட்சிகளோ 111 நிமிடத்துக்குள்ளும் இல்லை, 107க்குள்ளும் இல்லை.

இதற்கு நேரெதிரான ஏமாற்றமும் உண்டு. ‘ஐஸ் வைட் ஷட்’ (1999) அமெரிக்காவில் ஆர் சான்றிதழ் (17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடு மட்டும் பார்க்கலாம்) பெறுவதற்காக, கணினியில் வரைந்த உருவங்களைக் காட்சியின் குறுக்கே நிறுத்தி மறைத்தார்கள். நீளத்தில் ஒரு விநாடிகூடக் குறையவில்லை. ஜப்பானியப் பதிப்புகளில் உறுப்புகளைக் கட்டம் கட்டமாக மங்கலாக்கும் மொசைக் மறைப்பும் இதே ரகம். ஆகவே நிமிடத்தை முதல் தடயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வட்டுகளுக்கே என் முதல் வாக்கு. வாங்கிய வட்டின் உள்ளடக்கத்தை யாரும் பின்னால் மாற்ற முடியாது. கிரைடீரியன், பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட், மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா போன்ற வெளியீட்டாளர்கள் எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது, எந்தப் பதிப்பு என்பதைப் பெரும்பாலும் சிறுநூலில் சொல்லிவிடுகிறார்கள். டிவிடியைவிட ப்ளூ-ரே மேல். பெரும்பாலும் 24 பிரேமிலேயே ஓடுவதால் நீளத்தை நேரடியாக ஒப்பிடலாம். சிக்கல் மண்டலப் பூட்டில்: உலகை ஏ, பி, சி எனப் பிரித்து, ஒரு மண்டலத்து வட்டை இன்னொரு மண்டலத்துக் கருவியில் ஓடவிடாமல் தடுக்கும் ஏற்பாடு அது. அமெரிக்க வட்டு பெரும்பாலும் ஏ, பிரிட்டிஷ் வட்டு பி; இந்தியா அடங்கிய சி மண்டலத்துக் கருவி இரண்டையும் திருப்பி அனுப்பிவிடும். 4கே யுஎச்டி வட்டுகளுக்கு இந்தப் பூட்டு கிடையாது. ஆனால் கூடவே வரும் சாதாரண ப்ளூ-ரேக்கு இருக்கலாம். கூடுதல் காட்சிகளோ மாற்றுப் பதிப்போ அந்த இரண்டாவது வட்டில் இருந்தால் பாதிப் பணம் வீண்.

அட்டையில் உள்ள சொற்களும் அப்படியே நம்பத்தக்கவை அல்ல. ‘அன்கட்’ என்றால் பல சமயம் அந்த நாட்டில் முன்பு வெட்டி வந்த பதிப்பை இப்போது வெட்டாமல் விடுகிறார்கள் என்றுதான் பொருள். ‘அன்ரேட்டட்’ என்றால் சான்றிதழுக்கு அனுப்பவில்லை, அவ்வளவே. ‘டைரக்டர்ஸ் கட்’ நீளமாகத்தான் இருக்கும் என்றும் இல்லை: பீட்டர் வியர் 1998இல் தன் ‘பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்’ படத்திலிருந்து சுமார் ஏழு நிமிடத்தைத் தானே எடுத்துவிட்டார். தார்க்கோவ்ஸ்கியின் ‘ஆந்த்ரேய் ருப்லேவ்’ 205 நிமிடம், 183 நிமிடம் என இரு வடிவங்களில் கிடைக்கிறது. அவருக்குப் பிடித்தது குறுகியதே. லார்ஸ் வான் ட்ரையரின் ‘நிம்ஃபோமேனியாக்’ விஷயத்திலோ நீளமான 325 நிமிடப் பதிப்புதான் இயக்குநருடையது. எந்தப் பதிப்பு வேண்டும் என்று முடிவு செய்யாமல் தேடக் கிளம்பினால், கிடைப்பது எது என்றே தெரியாது.

வாங்குமுன் இரண்டு இடங்களைப் பாருங்கள். பிரிட்டிஷ் தணிக்கை வாரியமான பிபிஎஃப்சியின் தளம் ஒவ்வொரு வெளியீட்டின் நீளத்தையும் நிமிடம், விநாடியாகத் தருகிறது. வெட்டு இருந்தால் அதையும் குறிக்கிறது. ஜெர்மனியின் ஷ்னிட்பெரிஷ்டே தளம் இரு பதிப்புகளைக் காட்சி காட்சியாக, நேரக் குறிப்போடு ஒப்பிடுகிறது. அதற்கு ஆங்கில வடிவமும் உண்டு. பட்டியல் 24 பிரேம் கணக்கில் இருந்து உங்கள் வட்டு பால் டிவிடி என்றால் நேரத்தை 0.96ஆல் பெருக்குங்கள். 52ஆம் நிமிடத்து வெட்டை 49:55இல் தேட வேண்டும்.

ஓடிடி வசதியானது, மலிவானது, முழுமைக்கு நம்ப முடியாதது. உரிமையாளர் எந்தக் கோப்பைக் கொடுக்கிறாரோ அதுதான் ஓடும். அறிவிப்பின்றி மாறவும் செய்யும். 2023இல் கிரைடீரியன் சேனலிலேயே ‘தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்’ இனவசை உள்ள வசனங்கள் நீக்கப்பட்ட வடிவில் ஓடியது. தரம் பார்த்துப் படம் தேர்ந்தெடுக்கும் தளத்திலேயே இந்தக் கதி. ஒரு படத்தைத் தெரிந்துகொள்ள ஓடிடி போதும், பதிப்பைத் தெரிந்துகொள்ளப் போதாது.

வட்டிலும் இல்லாதது காப்பகத் திரையிடலில் அகப்படலாம். ‘தி டெவில்ஸ்’ படத்தின் மீட்கப்பட்ட காட்சிகளோடு கூடிய பதிப்பு 2004இல் லண்டனின் நேஷனல் ஃபிலிம் தியேட்டரில் ஓடியது. எட்டு ஆண்டு கழித்து வந்த டிவிடியில் அந்தக் காட்சிகள் படத்தோடு சேரவில்லை. நிகழ்ச்சிக் குறிப்பில் பிரதியின் நாட்டையும் மீட்டர் நீளத்தையும் கவனியுங்கள். 35 மிமீ படம் 24 பிரேமில் நிமிடத்துக்கு 27.43 மீட்டர் ஓடும். 3,000 மீட்டர் என்றால் ஏறத்தாழ 109 நிமிடம். மௌனப் படங்களுக்கு மீட்டரே சரியான அளவுகோல். கார்ல் தியோடர் டிரெயரின் ‘தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்’ (1928) பாரிஸ் பேராயரின் தலையீட்டால் வெட்டுப்பட்டது. அதன் மூல வடிவப் பிரதி 1981இல் ஓஸ்லோவின் மனநல மருத்துவமனை ஒன்றில் கிடைத்தது. அது 20 பிரேமில் 97 நிமிடம், 24 பிரேமில் 81. இரண்டும் ஒரே படம், ஒரு பிரேம்கூடக் குறையாமல்.

பழைய விஎச்எஸ் நாடாவும் ரசிகர்கள் ஒட்டிய தொகுப்பும் கடைசிப் புகலிடம். தொகுப்பில் உரிமைச் சிக்கல் ஒருபுறம் இருக்க, ஒட்டியவரின் ஊகமும் படத்தோடு கலந்துவிடும். ஒரு காட்சி மட்டும் மங்கி, வசனம் திடீரென வேறு மொழிக்கு மாறினால் அந்தப் பகுதி வேறு நாட்டு டப்பிங் பிரதியிலிருந்து வந்தது.

கையில் இருப்பதைச் சோதிக்க சப்டைட்டில் போதும். முழுப் பதிப்புக்கான சப்டைட்டிலைப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 2.4 விநாடி வீதம் சீராகப் பின்தங்கினால் அது வேக வித்தியாசம். ஒத்து வந்துகொண்டே இருந்து ஓரிடத்தில் சட்டென்று பிசகினால், அங்கேதான் கத்தரி. திரையரங்குப் பிரதியையே வெட்டியிருந்தால் காதும் கண்டுபிடிக்கும்: 35 மிமீ பிரதியில் ஒலித்தடம் படத்துக்குச் சுமார் 20 பிரேம் முன்னால் இருப்பதால், காட்சி தாவிய பிறகும் முக்கால் விநாடிக்கு மேல் வெட்டிய காட்சியின் ஒலி தொடர்ந்து, அதன்பின் தான் தாவும்.