போச்சம்பள்ளி மட்டும் ஏன் சிக்கவில்லை? ஊர்ப் பெயர் தேடலுக்கு மூன்று இண்டெக்ஸ்கள்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் லாரி டோக்கன் டேபிள். 40 லட்சம் ரெக்கார்டு இருக்கும். ஊர்ப் பெயரை அடித்துத் தேடினால், பதில் வருவதற்குள் டிரைவர் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். "இண்டெக்ஸ் போட்டாச்சேண்ணா" என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. போட்டிருந்தது பி-ட்ரீ வகை இண்டெக்ஸ், அதாவது தேடலை வேகமாக்கும் பட்டியல்.

பி-ட்ரீ அகராதி மாதிரி. முதல் எழுத்து தெரிந்தால்தான் பக்கம் புரட்டலாம். '%பள்ளி' என்று வாலைப் பிடித்துக் கேட்டால் எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் டேபிள் முழுவதையும் படிக்கும், தேடல் எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெயினில் சீக் ஸ்கேன் என்று வரும். 'பர்கூ%' என்று தலையைப் பிடித்தாலும் எழுத்தை வரிசைப்படுத்தும் விதியான கொலேஷன் 'சி'யாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸ் என்ற குறிப்பைப் போட்டுக் கட்டிய இண்டெக்ஸ் வேண்டும். டோக்கன் நம்பருக்கு இது போதும்.

ஊர்ப் பெயருக்கு டிரைகிராம் என்ற இரண்டாவது வகைதான் என் கட்சி. எங்கள் பக்கம் பள்ளியில் முடியும் ஊர்கள் ஏராளம். வேப்பனப்பள்ளியையே வேப்பனஹள்ளி என்றும் எழுதுவார்கள். பெயரை மும்மூன்று குறியாக நறுக்கி ஜின் என்ற வகை இண்டெக்ஸில் வைப்பதால் நடுவில் தேடலாம், சாயல் பெயரும் கிடைக்கும். பதிவு ஏற்றுவது மெதுவாகும், அது இருக்கட்டும். '%மா%' என்று இரண்டே குறியோடு (ம, துணைக்கால்) கேட்டால் பயனில்லை. பெரிய கண்ணி வேறு: எது எழுத்து என்று தீர்மானிக்கும் டேட்டாபேஸின் சிடைப் அமைப்பு 'சி' என்றால் தமிழை எழுத்தாகவே மதிக்காது. நறுக்கிய துண்டுகளைக் காட்டும் ஷோ_டிஆர்ஜிஎம்மில் தமிழ்ப் பெயரைக் கொடுத்தேன், வெறும் {} வந்தது, ஒரு துண்டுகூட இல்லை. பி-ட்ரீக்கு உதவிய அதே 'சி' இங்கே காலை வாரியது. இருக்கிற டேட்டாபேஸில் அதை மாற்ற வழியில்லை. வேறு சிடைப்போடு புதிதாக ஒன்று கட்டி, பழையதை டம்ப் (மொத்த நகல்) எடுத்து ஏற்றினோம்.

மூன்றாவது வகையான ஃபுல் டெக்ஸ்ட்டை 'பெங்களூரா (மாம்பழ ரகம்), அழுகல் அதிகம்' போன்ற குறிப்பு எழுதும் நெடுவரிசைக்கு வைத்துக்கொள்ளலாம். முழுச் சொல்லைத்தான் பார்க்கும். விகுதி வெட்டும் தமிழ் ஸ்டெம்மர் போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பிலிருந்து உண்டு. இண்டெக்ஸில் மொழியை 'தமிழ்' என்றும் தேடும் குவெரியில் வேறொன்றும் கொடுத்தால் இண்டெக்ஸ் சும்மா கிடக்கும்.

டிரைகிராம் வந்ததும் வேகம் வந்தது. போச்சம்பள்ளி மட்டும் பாதிதான் வந்தது. குறிகளை எண்ணும் லெங்த் போட்டுப் பார்த்தால் சிலவற்றுக்கு 12, சிலவற்றுக்கு 13. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு கீபோர்டு ஓகாரத்தை ஒரே குறியாக ஏற்றுகிறது, இன்னொன்று இரட்டைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக. எந்த இண்டெக்ஸும் இதைத் தீர்க்காது. இரண்டையும் ஒரே வடிவமாக்கும், 13ஆம் பதிப்பில் வந்த நார்மலைஸை டேபிளுக்கும் தேடும் சொல்லுக்கும் சேர்த்துப் போட்டோம். இரவு அப்டேட் ஓடியது. காலையில் தம்பி எண்ணிப் பார்த்தான்: 13 ஒன்றுகூட இல்லை.