பணியிடப் புகைப்படச் சேவை: ஒரு மதிப்புரை

எங்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்காகப் பணியாளர்களை வேலை நேரத்திலேயே படம்பிடித்துத் தந்த புகைப்படக் குழுவை, சில குறைகள் இருந்தபோதிலும், தயங்காமல் பரிந்துரைக்கலாம். கேமராவைக் கண்டதும் விறைத்துப்போகும் முகங்களை அவர்கள் அவசரப்படுத்தவில்லை. முதலில் கேமராவை வெளியே எடுக்காமலே ஒவ்வொரு மேசையிலும் நின்று பேசிவிட்டு, பிறகு சற்று அகன்ற பரப்பைக் காட்டும் 35 மி.மீ. லென்ஸுடன் அருகில் சென்று எடுத்ததால், சாலிடரிங் முனையிலிருந்து எழும் மெல்லிய புகையும் அதைக் கூர்ந்து நோக்கும் கண்களும் ஒரே படத்தில் இயல்பாக அமைந்தன.

ஓசையற்ற மின்னணு ஷட்டரை, அதாவது ஒளி பதியும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை, பயன்படுத்தும்போது சில எல்இடி விளக்குகளின் ஒளியில் படத்தின் குறுக்கே பட்டைகள் விழும் என்பதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குவதைக் கணக்கில் கொண்டு, ஒரு முழு மினுங்கல் அடங்கும்படி ஷட்டர் வேகத்தை 1/100 நொடியாக வைத்தார்கள் (இதைக் கவனிக்காத அனுபவசாலிகளும் உண்டு). கணினித் திரைகளில் வாடிக்கையாளர் விவரங்கள் தெரியாமல் பார்த்துக்கொண்டதும் பாராட்டுக்குரியது.

ஆனால் ஜன்னல் வெளிச்சமும் குழல்விளக்கும் கலந்த இடங்களில் சில முகங்கள் பச்சை படிந்தே வந்தன. திருத்திய படங்களும் தாமதமாகவே கிடைத்தன. பயன்பாட்டு உரிமை அறிக்கைக்கும் இணையதளத்துக்கும் மட்டுமே என்பதால், விளம்பரத்துக்கும் படங்கள் தேவைப்படுவோர் அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.