பல்கலைக்கழக மெயில் ஐடி: வாங்கலாமா, நம்பலாமா?

கையில் ஜிமெயில் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கும் பிஎச்.டி. ஜூனியர்களுக்காக எழுதுகிறேன். வாங்கிவிடுங்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் பின்னால் ஓடுவது அதே கூகுள்தான், ஆனால் விளம்பரத் தொல்லை இல்லை. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் நம் பக்கம் தேடலில் வர வேண்டுமென்றால் இப்படி ஒரு நிறுவன முகவரியைக் காட்டி உறுதி செய்தாக வேண்டும். ஜர்னலுக்குக் கட்டுரை அனுப்பும்போதும் ஏசி.இன் (.ac.in) என்று முடிகிற முகவரிக்குத் தனி மரியாதைதான்.

ஐடியோடு ஒரு விதிமுறைத் தாளிலும் கையெழுத்து வாங்குவார்கள். அதை யாரும் படிப்பதில்லை. வியாபாரம் கூடாது, கட்சிப் பிரசாரம் கூடாது, பாஸ்வேர்டை யாருக்கும் தரக்கூடாது, அனுமதியில்லாமல் எல்லோருக்கும் மொத்தமாக மெயில் அனுப்பக்கூடாது. தேவைப்பட்டால் நிர்வாகம் மெயில்பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்றும் ஒரு வரி உண்டு. ஆய்வு கைடைப் பற்றிய புலம்பல், வேறு இடத்துக்குப் போடும் வேலை விண்ணப்பம் இதெல்லாம் சொந்த ஜிமெயிலிலேயே இருக்கட்டும்.

விதிகளில் எனக்குக் குறையில்லை. கடைப்பிடிக்கும் அழகுதான் சிரிப்பு. போன பொங்கலுக்கு அலுவலகத்திலிருந்தே எல்லோருக்கும் கரும்பும் பானையுமாக ஒரு பெரிய படம் வந்தது. அதற்கு 'நன்றி சார்', 'தங்களுக்கும் சார்' என்று ஆளாளுக்கு ரிப்ளை ஆல். அந்தக் குவியலுக்குள் என் ஆய்வைப் பரிசீலிக்கும் டாக்டோரல் கமிட்டியின் கூட்டத் தேதி மாறிய மெயில் போய்ப் புதைந்துகொண்டது. துறை ஐடியின் பாஸ்வேர்டோ, மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் ஒட்டியிருக்கிறது. கீழே பழைய பாஸ்வேர்டு, அடித்த நிலையில்.

மெயிலையும் ஃபைல்களையும் சேமிக்கும் இடமும் முன்போல் இல்லை. கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாமல் தந்துவந்த கூகுள், 2022 ஜூலையிலிருந்து நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து 100 டெராபைட் என்று அடிப்படை அளவை நிர்ணயித்துவிட்டது. அதை எல்லோருக்கும் பங்கு போட்டபின் என் களப்பணி வீடியோக்கள் ஹார்ட் டிஸ்க்குக்குக் குடிபோயின.

படிப்பு முடிந்தால் கணக்கை மூடிவிடுவார்கள். சீனியர் அக்கா ஒருவர் கட்டுரையில் தொடர்பு முகவரியாக இதை மட்டுமே கொடுத்திருந்தார். இப்போது யார் எழுதினாலும் மெயில் திரும்பி வருகிறது. அதனால் ஆய்வாளருக்கு அடையாள எண் தரும் ஆர்கிட் (ORCID) கணக்கில் சொந்த முகவரியையும் சேர்த்துவையுங்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்த கையோடு கூகுள் டிரைவில் இருப்பதை இறக்கிக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். அந்த அரை, பாஸ்வேர்டு மறந்தால் சலிக்காமல் போனை எடுக்கும் கணினி மையத்து அண்ணனுக்கு.