சின்னப் பல் கிளினிக்குக்கு ஆட்டோகிளேவா, ஹாட் ஏர் ஓவனா?

பல் கருவிகளில் கிருமி நீக்க, அழுத்தமான நீராவியில் சூடாக்கும் ஆட்டோகிளேவ் வாங்குவதா, வறண்ட சூட்டுக்காற்றில் வைக்கும் ஹாட் ஏர் ஓவன் வாங்குவதா? புதிதாகக் கிளினிக் போடும் ஜூனியர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நான் வாங்கியது ஆட்டோகிளேவ், என் சாய்வும் அந்தப் பக்கம்தான். கருவிகளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்கும் பழைய பாயிலர் போட்டியிலேயே இல்லை. 100 டிகிரிக்கு ஸ்போர்கள் (சில பாக்டீரியாக்கள் தடித்த ஓட்டுக்குள் உறங்கும் வடிவம்) அசராது.

ஓவன், ஆட்டோகிளேவ் இரண்டுமே ஸ்போரைக் கொல்லும். எனக்கு முடிவைச் சொன்னது நேரம். ஓவனில் 160 டிகிரி ஏறிய பிறகு இரண்டு மணி நேரம், 170 என்றால் ஒரு மணி நேரம். சூடேறவும் ஆறவும் ஆகும் நேரம் தனி. நடுவில் கதவைத் திறந்து ஒரு மிர்ரரை உள்ளே வைத்தாலும் கணக்கு முதலிலிருந்து. ஆட்டோகிளேவில் 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம். சுற்றிக் கட்டிய பொட்டலத்துக்கு 30 நிமிடம் விடுவது நல்லது. நீராவி குளிர்ந்த கருவிமேல் பட்டுத் தண்ணீராகும்போது கிராமுக்குச் சுமார் 540 கலோரி வெப்பத்தை இறக்கிவிடுகிறது. ஈரத்தில் கிருமியின் புரதமும் சீக்கிரம் சிதையும். வறண்ட காற்றுக்கு அந்த வேகம் கிடையாது.

கூட்டம் வருவதோ சாயங்காலம் மட்டும். ஓவனை நம்பினால் அன்றைக்கு வரும் அத்தனை பேருக்கும் தனித்தனி செட் வேண்டும். மெஷினில் மிச்சம் பிடித்த காசு பல் பிடுங்கும் ஃபோர்செப்ஸிலும் பல்லை நெம்பும் எலிவேட்டரிலும் போய்விடும். போதாக்குறைக்கு, பல்லைக் குடையும் ட்ரில் பொருத்தும் ஹேண்ட்பீஸை ஓவனில் வைக்கவே முடியாது.

ஓவனுக்கும் பெருமை உண்டு. கார்பன் ஸ்டீல் துருப்பிடிக்காது, கூர் மழுங்காது. நீராவி ஊடுருவாத வாசலின், பவுடர் வகைகளுக்கு அதுதான் சரி. பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆட்டோகிளேவ் அப்படியல்ல. போர் தண்ணீர் ஊற்றினால் சூடேற்றும் காயிலில் உப்பு படியும், டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். கதவின் ரப்பர் கேஸ்கெட் தளர்ந்தால் நீராவி கசியும். உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றாமல் வால்வை மூடினால் மீட்டர் 15 காட்டும், சூடு 121-ஐ எட்டாது. உதவியாளருக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான்.

காற்றை பம்ப் வைத்தே உறிஞ்சிவிடும் பி கிளாஸ் மெஷினை நான் வைத்து ஓட்டியதில்லை. ஹேண்ட்பீஸ் மாதிரி உள்ளே குழாய் உள்ள கருவிகளுக்கு அது மேல் என்பது தெரிந்ததே. ரிப்பேர் செலவை மட்டும் வைத்திருப்பவரிடம் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் பொட்டலத்தில் ஒட்டும், சூடுபட்டால் நிறம் மாறும் டேப்பில் கோடு கறுத்ததும் திருப்திப்பட வேண்டாம். உயிருள்ள ஸ்போர் தடவிய டெஸ்ட் ஸ்ட்ரிப்பும் வைத்து, அவை செத்தனவா என்று பாருங்கள். ஸ்ட்ரிப்பில் இருக்க வேண்டிய பாக்டீரியா, நீராவிக்கு ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ், ஓவனுக்கு பேசில்லஸ் அட்ரோஃபியஸ். ஆர்டர் போடும்போது மாற்றிவிடாதீர்கள்.